எஸ்இலினக்ஸை அணைக்காமல் மெய்நிகர் கணினியை ஓட்டுவது எப்படி?

வட்டில் இடம் போதவில்லை என்று இரண்டாவது டிஸ்க் ஒன்றை மாட்டி, மெய்நிகர் கணினியின் இமேஜ் கோப்பை (அதன் வட்டு முழுவதையும் தாங்கும் கோப்பு) அதற்கு நகர்த்தினேன். அதன் பிறகு அந்த மெய்நிகர் கணினி எழவே இல்லை. 'பெர்மிஷன் டினைட்' என்ற ஒரே வரி. கோப்பின் உரிமையாளரை மாற்றினேன், அனுமதியை 777 வரை, அதாவது யாரும் தொடலாம் என்கிற அளவுக்கு, திறந்துவிட்டேன். அப்போதும் அதே வரிதான். இணையத்தில் தேடினால் பத்தில் எட்டுப் பேர் லினக்ஸின் பாதுகாப்புக் காவலாளியான 'எஸ்இலினக்ஸை அணைத்துவிடுங்கள்' என்கிறார்கள். பூட்டு சிக்கிக்கொண்டது என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பது போன்ற யோசனை அது.

ஃபெடோரா குடும்பத்து லினக்ஸில் கேவிஎம் (மெய்நிகர் கணினியை ஓட்டுவது), லிப்வர்ட் (அவற்றை நிர்வகிப்பது) இரண்டும் ஏற்கெனவே ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து கட்டாயமான இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முத்திரை குத்தி வைக்கிறது. எந்த முத்திரை எதைத் தொடலாம் என்பது கொள்கையில் எழுதப்பட்டிருக்கிறது. 2009-இல் ஃபெடோரா 11-உடன் வந்த எஸ்வர்ட் இதை மெய்நிகர் கணினிகளுக்கும் கொண்டுவந்தது. கணினி எழும்போது 0 முதல் 1023 வரையிலான எண்களில் இரண்டை லிப்வர்ட் பொறுக்கி, அதே இரண்டையும் அந்தக் கணினியின் நிரலுக்கும் அதன் இமேஜுக்கும் குத்துகிறது. ஒரு கணினிக்குள் திருடன் புகுந்து வெளியே எட்டிப் பார்த்தாலும், எண்கள் பொருந்தாத பக்கத்துக் கணினியின் இமேஜை அவனால் திறக்க முடியாது. அணைக்கச் சொல்பவர்கள் தூக்கி எறிவது இந்தச் சுவரைத்தான்.

முதலில், குற்றவாளி எஸ்இலினக்ஸ்தானா என்று உறுதி செய்யுங்கள். 'செட்என்ஃபோர்ஸ் 0' கொடுத்துக் காவலைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டு, மெய்நிகர் கணினியை எழுப்புங்கள். எழுந்தால் அதுதான். பார்த்த உடனே 'செட்என்ஃபோர்ஸ் 1' கொடுத்து மீண்டும் காவலுக்கு நிறுத்துங்கள். எழவில்லை என்றால் பழைய யுனிக்ஸ் அனுமதிதான் தடுக்கிறது. வீட்டு அடைவுக்குள் (ஹோம் ஃபோல்டர்) இமேஜை வைப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள்: வீட்டு அடைவு 700 என்று, உரிமையாளர் மட்டும் நுழையும்படி, பூட்டியிருக்கும்; மெய்நிகர் கணினியை இயக்கும் கெமு நிரல் ஓடும் 'கெமு' என்ற பயனரால் அதைக் கடந்து போக முடியாது. அவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. இமேஜை வெளியே கொண்டுவந்தால் போதும்.

அடுத்து, மறுப்பு எங்கே நடந்தது என்று பதிவேட்டைப் பாருங்கள்:

ஆசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்

இங்கேதான் நான் இரண்டு மாலைப் பொழுதுகளைத் தொலைத்தேன். மறுப்பு என்று வந்திருந்த வரியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, 'ச்கான்' கட்டளையால் இமேஜ் கோப்பின் முத்திரையை மாற்றிக்கொண்டே இருந்தேன். அந்த வரியை முழுதாகப் படித்திருந்தால் போதும். மறுக்கப்பட்ட செயல் 'சர்ச்', மறுக்கப்பட்ட பொருளின் வகை 'டிர்'. அதாவது தடை கோப்பில் இல்லை, அது இருக்கும் அடைவில். கோப்பின் முத்திரையைக் கணினி எழும்போதெல்லாம் லிப்வர்ட் தானே குத்திக்கொள்கிறது. அடைவை அது தொடுவதில்லை. புதிதாக வடிவமைத்த டிஸ்கின் அடைவுக்கோ உருப்படியான முத்திரையே கிடையாது. அறைச் சாவியை மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன், பூட்டியிருந்தது வாசல்.

ஆகவே அடைவுக்கு நிரந்தர விதி எழுத வேண்டும். அதற்கான கருவி 'செமேனேஜ்'. அது இல்லையென்றால் 'பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைதான்-யூட்டில்ஸ்' என்ற தொகுப்பை நிறுவுங்கள். மெய்நிகர் கணினிகளை அணைத்துவிட்டு, ரூட் பயனராக (என் இரண்டாவது டிஸ்க் இணைந்திருக்கும் அடைவு /விஎம்டிஸ்க்):

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி வர்ட்_இமேஜ்_டி '/விஎம்டிஸ்க்(/.*)?'
ரெஸ்டோர்கான் -ஆர் -வி /விஎம்டிஸ்க்

முதல் வரியின் கடைசியில் இருக்கும் அடைப்புக்குறியையும் கேள்விக்குறியையும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நான் முதலில் '/விஎம்டிஸ்க்/.*' என்றுதான் எழுதினேன். அது உள்ளே இருப்பவற்றுக்கு மட்டுமே பொருந்தும். அடைவு விதிக்கு வெளியே நின்றுவிட்டது, கணினியும் எழவில்லை. மேற்கோள் குறியும் அவசியம், இல்லாவிட்டால் கட்டளைகளைப் படிக்கும் ஷெல் அடைப்புக்குறியைப் பார்த்துச் சண்டைக்கு வரும். இன்னொன்று: முதல் வரி விதியை ஏட்டில் எழுதுவதோடு சரி. முத்திரையைக் குத்துவது இரண்டாவது வரி. அதை மறந்துவிட்டு 'ஒன்றுமே மாறவில்லையே' என்று விழித்துக்கொண்டிருந்த கதையும் உண்டு.

சரிபார்க்க, 'எல்எஸ் -எல்டி' கட்டளையுடன் பெரிய இசட்டையும் சேர்த்து அடைவைப் பாருங்கள். 'வர்ட்_இமேஜ்_டி' தெரிய வேண்டும். பிறகு கணினியை எழுப்பி இமேஜ் கோப்பைப் பார்த்தால் 'எஸ்வர்ட்_இமேஜ்_டி' என்றும், பக்கத்தில் 'சி57,சி811' போல இரண்டு எண்களும் இருக்கும். 'பிஎஸ் -ஈஇசட்' (இசட் பெரிய எழுத்து) பட்டியலில் கெமுவின் வரியிலும் அதே எண்கள். முதல் தடவை அவை ஒத்துப்போவதைப் பார்த்தபோது ஒரு திருப்தி.

கருவிகளைப் பற்றி என் கருத்து: 'ச்கான்' சோதனைக்கு மட்டும், அடுத்த முறை முழு வட்டுக்கும் முத்திரை குத்தும்போது அது போட்டது அழிந்துவிடும். மறுப்புகளைப் படித்து அனுமதி விதி எழுதித் தரும் 'ஆடிட்2அலவ்' சொல்வதை அப்படியே கொள்கையில் சேர்ப்பதை நான் செய்வதில்லை. தவறான முத்திரையைத் திருத்துவதற்குப் பதில், அந்தத் தவறையே சட்டமாக்கிவிடும் அது. உபுண்டு, டெபியனில் இருப்பவர்களுக்கு ஆப்ஆர்மர் என்ற வேறு காவலாளி. முத்திரைகளே இல்லை, பாதைகளை வைத்து முடிவு செய்கிறது. மேலே உள்ள கட்டளைகள் அங்கே பலிக்காது.

பிற்சேர்க்கை: என்எஃப்எஸ் பகிர்வில் (வலையமைப்பு வழியாக வேறொரு கணினி பகிரும் வட்டு) இமேஜ் வைத்திருப்பவர்கள் ரெஸ்டோர்கான் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தார்கள். அங்கே கோப்புவாரியாக முத்திரை குத்துவது பொதுவாக நடக்காது, எல்லாமே 'என்எஃப்எஸ்_டி' என்றுதான் தெரியும். அதற்குத் தனி ஆளி இருக்கிறது:

செட்செபூல் -பி வர்ட்_யூஸ்_என்எஃப்எஸ் ஆன்

இந்த 'பி' பெரிய எழுத்து. அது இல்லாமல் கொடுத்தால் மறுதொடக்கம் வரைதான் நிற்கும். கட்டளை சில நொடிகள் பேசாமல் இருக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

மற்றொரு பிற்சேர்க்கை: காவலைத் தளர்த்தினால் ஓடுகிறது, ஆனால் பதிவேட்டில் மறுப்பு எதுவுமே இல்லை என்று ஒருவர் கேட்டார். சில மறுப்புகளைப் பதிய வேண்டாம் என்று கொள்கையே சொல்லி வைத்திருக்கும். 'செமாட்யூல் -டிபி' (டி, பி இரண்டும் பெரிய எழுத்து) கொடுத்தால் அவையும் வெளியே வரும். பார்த்து முடித்ததும் 'செமாட்யூல் -பி' (இதுவும் பெரிய எழுத்து) கொடுங்கள், இல்லாவிட்டால் பதிவேடு குப்பையால் நிரம்பிவிடும்.