ரைஜெலின் விண்மீன் காற்றை நிறமாலையில் பார்ப்பது எப்படி?

ஓரியன் கூட்டத்தில் நீலவெள்ளையாக மின்னும் ரைஜெல் ஒரு பி8 வகை (மிகச் சூடான நீலநிற வகை) மீப்பெரு விண்மீன். அதன் மேற்பரப்பிலிருந்து ஓயாமல் வாயு கிளம்பிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்று ஹைட்ரஜன் ஆல்ஃபா வரியில் (நிறமாலையின் சிவப்புப் பகுதியில் ஹைட்ரஜன் பதிக்கும் கோடு) பதிவாவதால், சில நாள் இடைவெளியிலேயே வரியின் வடிவம் மாறிவிடும். 1990களில் வானியலாளர் கௌஃபர் குழுவினர் சிலியின் லா சில்லா ஆய்வகத்திலிருந்து இதைத் தொடர்ந்து கவனித்தார்கள். வரியின் நீலப் பக்கத்தில் (அதாவது நம்மை நோக்கி வரும் வாயு பதியும் பக்கத்தில்) உறிஞ்சல் திடீரென ஆழமாகிப் பல நாள் நீடிப்பதைப் பதிவு செய்தார்கள். நாம் தேடப்போவதும் அதைத்தான். தொலைநோக்கி தேவையில்லை.

முதலில் போலார்பேஸ் என்ற இணைய நிறமாலைக் காப்பகத்தில் ரைஜெல் என்று தேடி, நார்வல், எஸ்படான்ஸ் என்ற நிறமாலைக் கருவிகளின் கோப்புகளை இறக்குங்கள். ஒரே வாரத்தில் எடுத்தவை மட்டும் போதாது; செப்டம்பர், பிப்ரவரி என்று தள்ளித்தள்ளி எடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

அடுத்து 656.28 நானோமீட்டரைப் பூஜ்யமாக வைத்து, அலைநீளத்தைத் திசைவேகமாக மாற்றி, எல்லா நாட்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். இதற்குப் பைத்தான் நிரல்மொழியும் அதன் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிபும்தான் என் தேர்வு. எக்செல் வேண்டவே வேண்டாம்; கோப்பு நிறைய இருந்தால் தாங்காது.

இப்போது நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். நொடிக்கு சுமார் −257 கி.மீ. (கழித்தல் குறி என்றால் நம்மை நோக்கி) அருகே ஒரு மெல்லிய பள்ளம் தெரியலாம். நாளுக்கு நாள் கொஞ்சம் நகரும். அசல் விண்மீன் காற்று போலவே இருக்கும், ஆனால் அது நம் வளிமண்டல நீராவி! 655.72 நானோமீட்டரில் உள்ள அதன் வரி சரியாக அங்கேதான் விழுகிறது. பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் வேகத்தைக் கோப்பில் ஏற்கெனவே கழித்திருப்பதால், அசையாத நீராவி வரி அசைவதுபோல் தெரிகிறது. செப்டம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் ரைஜெலுக்கு இந்தத் திருத்தம் நொடிக்கு 40 கி.மீ.க்கு மேல் மாறும்.

சோதிப்பது எளிது. 657.21 நானோமீட்டர் அருகே இன்னொரு நீராவி வரி உண்டு. இரண்டும் ஒரே அளவு நகர்ந்தால் பள்ளம் பூமியுடையது. ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் வானியல் தொகுப்பில் திருத்தத்தைக் கணக்கிட்டு எதிர்த்திசையில் போட்டும் பாருங்கள். அப்போது அசையாமல் நிற்பது நீராவி, அகலமாக மாறிக்கொண்டே இருப்பது காற்று.

அப்புறம் 634.7 நானோமீட்டரில் உள்ள சிலிக்கன் வரியையும் இதேபோல் வரையுங்கள். அது பெரும்பாலும் ஒளிமண்டலத்தில், அதாவது விண்மீனின் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பில், உருவாவது. ஆல்ஃபா வரி பெரிதாக மாறி, சிலிக்கன் அவ்வளவாக மாறாவிட்டால் நீங்கள் பார்ப்பது காற்றுதான்.

பிற்சேர்க்கை: வரைந்த கோடு முன்னும் பின்னும் தாவுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்தக் கருவிகள் நிறமாலையைத் துண்டு துண்டாகப் பதிவதால், அந்தத் துண்டுகள் ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அலைநீளம் பின்னோக்கிக் குதிக்கும் இடத்தில் வெட்டித் தனித்தனியாக வரையுங்கள். அகலமான ஆல்ஃபா வரிக்குத் கோப்பில் தானாகச் செய்த பின்னணி ஒளியின் சமப்படுத்தலையும் நம்பாதீர்கள். வரிக்கு வெளியே இருபுறமும் சமதளமான இடம் பார்த்து, நேர்கோடு போட்டு நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.