சுவிசுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: முதலில் உங்கள் ஊரின் மொழி

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இங்கே எந்த மொழி படிக்கவேணும்?" என்றுதான். டொச் (ஜெர்மன்), பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் என்று நாட்டுக்கு நான்கு தேசிய மொழிகள். நீங்கள் படிக்க வேண்டியது நீங்கள் குடியிருக்கும் ஊரின் மொழியை.

பேர்ணில் ரயிலேறி லவுசான் வரை போய்ப் பாருங்கள். டொச்சில் வந்த அறிவிப்பு பாதி வழியில் பிரெஞ்சுக்கு மாறிவிடும். அந்த மொழி எல்லையைத்தான் இங்குள்ளவர்கள் 'ரோஸ்டி கிராபன்', அதாவது ரோஸ்டிப் பள்ளம், என்கிறார்கள். ரோஸ்டி, டொச் பக்கத்து உருளைக்கிழங்குச் சாப்பாடு. எல்லை தாண்டினால் பிள்ளையின் பள்ளிக்கூடம், நகரசபைக் கடிதம் எல்லாமே மற்ற மொழியில். நிரந்தர வதிவிடமான சி அனுமதிக்குப் பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1 நிலை (ஏ1 மொழித்தேர்வின் ஆரம்பப் படி, ஏ2 அதற்கு அடுத்தது) கேட்பார்கள், அதுவும் வசிக்கும் இடத்து மொழியில். சூரிச்சில் இரண்டு வருடம் டொச் படித்துவிட்டு, பிரெஞ்சு பேசும் ஜெனீவாவுக்கு மாறினால் மறுபடி அரிச்சுவடிதான். அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை அரசே ஒரு மாநிலத்துக்கு அனுப்பிவிடும். மற்றவர்கள் வீடு மாறுமுன் இதை யோசியுங்கள்.

டொச் பக்கம் இன்னொரு சிக்கல். வகுப்பில் படிப்பது எழுத்து டொச், பேருந்தில் காதில் விழுவது சுவிஸ் டொச். பத்திரிகைத் தமிழுக்கும் வீட்டில் கதைக்கும் தமிழுக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும்தானே, அதுபோலத்தான். மனம் விடாதீர்கள். எழுத்து டொச்சில் கேட்டால் அவர்களும் அதற்கு மாறிக்கொள்வார்கள்.

சரி, வீட்டு விதிகள். வாடகை ஒப்பந்தத்தோடு வரும் விதித்தாளை யாரிடமாவது கொடுத்து வரிவரியாக வாசித்துக் கேளுங்கள். பொதுவாக இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடுவதும் கூடாது, வெற்றுப் போத்தல்களைச் சேகரிப்புத் தொட்டியில் கொண்டுபோய்ப் போடுவதும் கூடாது. பல ஊர்களில் குப்பைக்குக் கட்டணப் பைதான், அதாவது குப்பைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்த பை.

சண்டை அதிகம் வருவது நிலக்கீழ் சலவை அறையில். நான் வந்த முதல் மாதம், பக்கத்து வீட்டு மூதாட்டி கதவைத் தட்டி என்னைக் கீழே கூட்டிப்போனார். உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியை இழுத்துக் காட்டினார். சாம்பல் நிறப் பஞ்சு, என் துணியிலிருந்து வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் விரலால் வழித்து எடுத்தார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அவமதித்துவிட்டார் என்று ஒரு வாரம் பொருமினேன். பிறகுதான் புரிந்தது, அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அதே கணக்கு. உங்கள் முறை முடிந்ததும் பஞ்சை எடுங்கள், இயந்திரத்தைத் துடையுங்கள், சலவை அறைச் சாவியை நேரத்துக்கு அடுத்தவரிடம் கொடுங்கள்.

அப்புறம், படிக்கட்டில் எதிர்ப்படுபவருக்கு வணக்கம் சொல்லாமல் போகாதீர்கள். சூரிச்சில் 'குரூட்சி', லவுசானில் 'போன்ஜூர்'. பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆட்கள் வருவதென்றால், சில நாள் முன்பே கொஞ்சம் சத்தம் வரும் என்று அந்த ஊர் மொழியில் நாலு வரி எழுதி வாசல் பலகையில் ஒட்டிவிடுங்கள்.