பல் பணியாரம் 300: வெப் ஆப்புல தமிழ் ஸ்பெல் செக் போடுறது எப்படி

காரைக்குடில ஒரு பலகாரக் கடைக்கு ஆர்டர், கொட்டேஷன், பில்லு எல்லாம் ஒரே எடத்துல வர்ற மாதிரி வெப் ஆப் ஒண்ணு செஞ்சு குடுத்திருந்தேன். ஒரு கல்யாண கொட்டேஷன்ல "பால் பணியாரம்"னு போக வேண்டியது "பல் பணியாரம் 300"னு போயிருச்சு. பொண்ணு வீட்டுல போன் போட்டு சிரிக்கிறாங்க. கடை ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "ஏந்தம்பி, இங்கிலீஷ்ல தப்பா அடிச்சா செவப்புக் கோடு வருதுல்ல, தமிழுக்கு மட்டும் வராதாக்கும்?"னு கேட்டாங்க. அப்புறம் ரெண்டு வாரம் இதே வேலைதான்.

முதல்ல ஈஸியானது. அட்ரஸ், குறிப்பு மாதிரி பெட்டிகள்ல ஹெச்டிஎம்எல் ஸ்பெல்செக் ஆட்ரிபியூட்ட ட்ரூ போடுங்க. ஃபயர்ஃபாக்ஸ் ஒத்த வரி பெட்டிய தானா செக் பண்ணாது, நாமதான் சொல்லணும். ஜிஎஸ்டி நம்பர், பாஸ்வேர்ட் பெட்டிக்கெல்லாம் ஃபால்ஸ் போட்டுருங்க, ஏன்னா குரோம்ல என்ஹான்ஸ்டு ஸ்பெல் செக் ஆன்ல இருந்தா நீங்க அடிக்கிறது கூகுளுக்குப் போகும்.

ஆனா இது அந்தந்த கம்ப்யூட்டர்ல இருக்க டிக்‌ஷனரியப் பொறுத்தது, கடை கம்ப்யூட்டர்ல தமிழ் இருக்கா இல்லையான்னு நாம போய்ப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. அதனால செக் பண்றத சர்வர்ல வச்சுக்கிட்டேன். நோட்ஜேஎஸ்ல (சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுறது) என்ஸ்பெல்னு ஒரு ஸ்பெல் செக் லைப்ரரி, அதுக்கு ஹன்ஸ்பெல்ங்கிற ஸ்பெல் செக்கர் மாதிரியே ரெண்டு ஃபைல்: வார்த்தைகளுக்கு டிக் (.dic), விகுதி விதிகளுக்கு ஆஃப் (.aff). பொது டிக்‌ஷனரி மட்டும் போதாதுங்க, மனகோலம், சீப்பு சீடை, கந்தரப்பம், கவுனி அரிசி எல்லாத்தையும் கடையோட ஐட்டம் லிஸ்ட்லேர்ந்தே எடுத்துப் போடுங்க. ஆஃப் ஃபைல் மேல எழுத்து என்கோடிங் யூடிஎஃப் 8னு செட் பண்ண மறக்காதீங்க.

இப்ப என்னை ரெண்டு ராத்திரி தூங்கவிடாத எடம். செக் பண்றதுக்கு முன்னாடி வரிய வார்த்தையாப் பிரிக்கணும்ல, நான் பழக்க தோஷத்துல ரெகெக்ஸ்ல (எழுத்துகளத் தேடிப் பிடிக்கிற பேட்டர்ன்) பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டேன், அதுக்கு தமிழ் எழுத்தே கண்ணு தெரியாது, ஒரு தப்பும் வரல, ஆகா எல்லாம் சரியா இருக்குன்னு நானும் சந்தோஷமா இருந்தேன்! அப்புறம் யூனிகோட் ஃப்ளாக் போட்டு எழுத்து வகையான "எல்" மட்டும் குடுத்தேன். "தேன்குழல்" எப்படி வந்துச்சு தெரியுமா? த, ன, க, ழல. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் யூனிகோட்ல எழுத்து இல்ல, "எம்"ங்கிற மார்க் வகை. எல், எம் ரெண்டையும் சேத்துப் போட்டப்புறம்தான் தேன்குழல் முழுசா வந்துச்சு.

அதோட நார்மலைஸ் என்எஃப்சி கட்டாயம், அதாவது ஒரே எழுத்து வேற வேற மாதிரி சேந்திருந்தா ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர்றது. பழைய எக்செல்ல "கொழுக்கட்டை"ல இருக்க "கொ"வ கொம்பு தனி, கால் தனின்னு அடிச்சு வச்சிருந்தாங்க, பாக்க ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வார்த்தை. டிக் ஃபைல், அடிக்கிற வரி ரெண்டையுமே நார்மலைஸ் பண்ணுங்க.

டெக்ஸ்ட்ஏரியாக்குள்ள (பல வரி அடிக்கிற பெட்டி) ஒரு வார்த்தைக்கு மட்டும் நாமளா கோடு போட வழி இல்ல. அதனால சந்தேக வார்த்தைகளப் பெட்டிக்குக் கீழ பட்டனா காட்டுறேன், தொட்டா மாறும். தானா திருத்துற வேலை மட்டும் வேண்டாம், கடைக்காரங்களுக்குத் தெரியாத தப்பு நமக்கென்ன தெரியப்போகுது.

இவ்வளவு செஞ்சும் "பல் பணியாரம்" மாட்டலங்க! பல்லுன்னு ஒரு வார்த்தை இருக்குதே. ஐட்டம் பேரை டைப் அடிக்கவே விடாம லிஸ்ட்லேர்ந்து எடுக்க வச்சேன், அது அரைமணி நேர வேலை. ஸ்பெல் செக் இப்ப குறிப்புப் பெட்டிக்கு மட்டும்தான்.

அப்டேட்: "அதிரசத்துக்கு"ன்னு அடிச்சா தப்புன்னு காட்டுதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. ஆஃப் ஃபைல்ல எஸ்எஃப்எக்ஸ் விதி (வார்த்தைக் கடைசில விகுதி சேக்குறது) எழுதணும். "ம்"ல முடிஞ்சா அத எடுத்துட்டு "த்துக்கு", சீடை மாதிரி ஐகாரத்துல முடிஞ்சா எதையும் எடுக்காம "க்கு", தேன்குழல் மாதிரி "ல்"னா புள்ளிய மட்டும் எடுத்து உகரமும் "க்கு"வும். டிக்ல அந்தந்த வார்த்தைக்குப் பக்கத்துல ஸ்லாஷ் போட்டு விதி எழுத்தையும் போடணும், அது இல்லாட்டி விதி சும்மா கெடக்கும். மாத்துனப்புறம் சர்வர ரீஸ்டார்ட் பண்ணுங்க, நான் பண்ணாம ஒரு சாயங்காலம் பூரா விதியத் திட்டிக்கிட்டு இருந்தேன்.