முழங்கால் நுண்துளைச் சத்திரசிகிச்சைக்குப் பின்: வீட்டில் நோவைத் தணிக்கும் முறை

முழங்காலில் சிறு துளைகளை மட்டும் இட்டுச் செய்யப்படும் ஆர்த்ரொஸ்கொபிக்குப் பின் பெரும்பாலானோர் அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகின்றனர். துளை சிறிதாயினும் மூட்டினுள் உப்புநீர் பாய்ச்சி வேலை செய்திருப்பதால், முதல் இரண்டு மூன்று நாட்கள் வீக்கமும் நோவும் கூடுதலாகவே இருக்கும்.

முதலாவதாக, மாத்திரையை நோவைப் பார்த்தல்ல, மணிக்கூட்டைப் பார்த்து எடுங்கள். விறைப்பு ஊசியின் வேகம் சில மணித்தியாலங்களில் தணிந்துவிடும். நோகவில்லையே என்று நான் முதலிரவு மாத்திரையை விட்டுவிட்டுப் படுத்து, இரண்டு மணிக்கு விழித்தவன், விடியும்வரை மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தேன். வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாவிடின், வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக்கூடாது. பனடோலும் பரசிற்றமோல்தான், தடிமன் மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே உண்டு என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் அளவைக் கேட்டறிய வேண்டும். டைக்குளோபினாக், ஐபுபுரொபன் போன்றவற்றைச் சாப்பாட்டுக்குப் பின்னரே எடுங்கள். அல்சர், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது ஐஸ். உடைத்த ஐஸ்கட்டியைப் பொலித்தீன் பையிலிட்டு இறுகக் கட்டி, மெல்லிய துவாயில் சுற்றி, கட்டு நனையாதபடி முழங்காலின் மேல் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். திருகோணமலை வெயிலில் ஐஸ் விரைவில் உருகிவிடும் என்பதற்காகத் தோலில் நேரடியாக வைத்தால் தோல் கருகும்.

படுக்கும்போது கால் நெஞ்சைவிட உயர்ந்திருக்கட்டும். தலையணியைக் குதிகாலின் கீழும் கெண்டையின் கீழுமே வைக்க வேண்டும். முழங்காலின் கீழ் வைத்தால் அப்போதைக்குச் சுகமாயிருந்தாலும், மூட்டு மடிந்தபடியே இறுகிப் பின்னர் நீட்டச் சிரமப்படும்.

விழித்திருக்கையில் பாதத்தை அடிக்கடி மேலும் கீழும் அசையுங்கள். தொடைத் தசையை இறுக்கி, முழங்காலைப் பாயோடு அழுத்தி, ஐந்து எண்ணும்வரை வைத்துத் தளர்த்துங்கள். இப்படிப் பத்துத் தடவை. படியேறுகையில் நல்ல காலும் இறங்குகையில் நோவுக்காலும் முந்த வேண்டும்.

பார்க்க வருபவர்கள் கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிக்கவும் எண்ணெய் பூசி உருவவும் சொல்வார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் தொடக்க நாட்களில் வெந்நீர் வீக்கத்தைக் கூட்டும், காயத்தையும் நனைக்கும். கெண்டையில் இரத்தம் உறைந்திருந்தால் உருவுவது ஆபத்து.

காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால், காயத்தில் சீழ் வடிந்தால், கெண்டை வீங்கி நோவெடுத்தால், கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு நோவோ வந்தால் ஓட்டோ தேடி நிற்காமல் உடனே 1990 சுவசெரிய இலவச அம்பியுலன்ஸை அழையுங்கள்.