வாதநோய் மருத்துவர் ஒருவரின் கட்டுரைக் கணக்கை எடுப்பது எப்படி?

அக்கா முடக்குவாத மருத்துவர். பதவி உயர்வு விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள்: எத்தனை கட்டுரை, எத்தனை சைட்டேஷன் (மற்றவர்கள் அவற்றை மேற்கோள் காட்டிய தடவைகள்), எச்-இண்டெக்ஸ் எவ்வளவு. "நீதானே கம்ப்யூட்டர் ஆளு, எடுத்துக் குடுடா" என்று சொல்லிவிட்டாள். ஒரு மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். இரண்டு ஞாயிறு போயிற்று.

1. பெயர். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் குடும்பப் பெயர், ஓர் இடைவெளி, முதலெழுத்துகள் என்று புள்ளியில்லாமல் தேட வேண்டும். முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம்) தடுப்பு மருந்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ரவீந்தர் மைனியை 'மைனி ஆர்என்' என்று தேடலாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஓர் இதழ் அக்காவின் பெயரையே அப்படி எடுத்துக்கொண்டது, இன்னொன்று அப்பா பெயரை, கல்யாணத்துக்குப் பிறகு வந்தவை அத்தான் பெயரை. மூன்றையும் தேடினேன். முழுப்பெயரில் தேடலாமே என்றால், அது 2002 முதல் வந்த கட்டுரைகளுக்குத்தான் எடுபடும். அதுவும் இதழ் முழுப்பெயரைக் கொடுத்திருந்தால்.

2. ஆர்கிட் எண். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் அடையாள எண், இலவசம். வாங்கி, கிடைத்த கட்டுரைகளை அதில் சேர்த்துவிடுங்கள்.

3. இரட்டைப் பதிவுகள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலர் காட்டிய பட்டியலைப் பார்த்து அக்காவே, "நான் எங்கடா இவ்வளவு எழுதினேன்?" என்றாள். யூலார் (ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பு) மாநாட்டின் ஆப்ஸ்ட்ராக்டுகள், அதாவது ஆய்வுச் சுருக்கங்கள், 'ஆனல்ஸ் ஆஃப் த ருமாட்டிக் டிசீசஸ்' இதழின் துணையிதழாக வரும். ஸ்காலர் பட்டியலில் அந்த அரைப்பக்கம் ஒரு வரி, பிறகு அதையே விரித்து எழுதிய கட்டுரை இன்னொரு வரி.

இந்தத் துறையில் முழுக் கட்டுரையே இரண்டு இடத்தில் வருவதும் உண்டு. 2010இல் வந்த முடக்குவாத வகைப்பாட்டு விதிகள் 'ஆனல்ஸ்', 'ஆர்த்ரைட்டிஸ் அண்ட் ருமாட்டிசம்' இரண்டிலுமே அச்சாயின. ஒருவர் இதை மேற்கோள் காட்டுவார், இன்னொருவர் அதை. இரண்டாவது இதழ் 2014இல் 'ஆர்த்ரைட்டிஸ் அண்ட் ருமாட்டாலஜி' என்று பெயர் மாறியது. இதழ்வாரியாகப் பிரித்து எண்ணினால் அங்கேயும் வழுக்கும்.

சரி, இதனால் என்ன கெடும்? எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு: குறைந்தது எச் தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒருவரின் கட்டுரைகளுக்கு மேற்கோள் 30, 18, 11, 7, 6, 5, 2 என்று இருந்தால் எச் 5. கடைசி இரண்டான 5ம் 2ம் உண்மையில் ஒரே கட்டுரை என்று இணைத்தால் 7 ஆகும். எச் 6க்கு ஏறிவிடும். ஒரு வரி குறைந்து மதிப்பு கூடுகிறது!

ஸ்காலரில் இரண்டையும் டிக் செய்து 'மெர்ஜ்' அழுத்துங்கள். அவரவர் கணக்கிலிருந்துதான் முடியும், ஆகவே அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஆப்ஸ்ட்ராக்டையும் கட்டுரையையும் இணைக்கலாமா என்பது அவரவர் மனசாட்சி. நான் இணைக்கவில்லை, தனித் தலைப்பில் போட்டேன். பட்டியலை வைத்துக்கொள்ள எக்செல்லைவிட, கட்டுரைப் பட்டியல் மென்பொருளான ஸோட்டெரோ நல்லது, இரட்டைகளை அதுவே எடுத்துக் காட்டும்.

4. எண்ணிக்கை. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளமும் ஸ்காலரும் ஒரே எண்ணைச் சொல்லாது. ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுத் தாள் எல்லாவற்றையும் அள்ளிப் போடுவதால் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். எதில், எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்கோபஸில் ஒரே ஆள் இரண்டு ஆசிரியர் எண்ணாகப் பிரிந்திருந்தால் இணைக்கச் சொல்லிக் கேட்கலாம், காசில்லை.

பின்சேர்க்கை: ஆர்கிட் எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடுகிறது என்று இரண்டு பேர் கருத்தில் எழுதியிருந்தார்கள். எக்செல் வேலை அது. ஆர்கிட்டுக்கு 16 இலக்கம். எக்செல் 15 வரைதான் சரியாக வைத்துக்கொள்ளும். நடுவில் வரும் கோடுகளோடு ஒட்டினால் எழுத்தாக எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். அப்புறம், கடைசியில் எக்ஸ் என்று வந்தால் பயப்பட வேண்டாம். அதுவும் எண்ணில் சேர்ந்ததுதான்.