போல்ட் ஆக்ஷன் ரைபிள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். லைசென்ஸ் கைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் ரைபிள் வாங்கியாகிவிட்டது. உறையை அவிழ்த்துக் கட்டிலின் மேல் வைத்து, "அண்ணா, கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க" என்றார். கட்டை மினுமினுத்தது. இரும்பு கருகருவென்று இருந்தது. நான் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை அடைக்கிற இரும்புத் தண்டைக் கழற்றிவிட்டு, பேரலுக்குள் ஒரு துணியை விட்டுத் துடைத்துப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு முன் நான் ஏமாந்த அதே இடத்தில் அவரும் ஏமாந்திருந்தார்.

விசையில் விரலை வைக்காதே, பேரலை ஆள் பக்கம் திருப்பாதே என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். வாங்கும்போது கோட்டை விடுகிற இடங்களைத்தான் யாரும் சொல்வதில்லை.

பாலிஷைப் பார்த்து வாங்குவது

எங்களுக்கு ஒடுகத்தூர் பக்கம் நிலம். நைனா காலத்திலிருந்தே வீட்டில் துப்பாக்கி உண்டு. 2004-இல் எனக்கென்று ஒரு ரைபிள் வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு கடையில் பழைய .315 (அங்குலக் கணக்கில் குழல் அளவு) ஒன்றைப் பார்த்தேன். மேற்கு வங்கத்தில் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது, பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ-என்ஃபீல்டு வகை போல்ட். கட்டையைப் புதிதாக இழைத்து மெருகேற்றியிருந்தார்கள். மர ரேகையைத் தடவிப் பார்த்தேன், தோளில் வைத்துப் பார்த்தேன், போல்ட்டை நாலு முறை இழுத்துத் தள்ளினேன். பேரலுக்குள்ளும் பார்க்கத்தான் பார்த்தேன். பளபளவென்றிருந்தது. அந்த வருடம் மல்லாட்டை விற்ற காசு முழுக்க அங்கேயே போனது.

சுடுதளத்தில் மணல் மூட்டை மேல் வைத்து, 50 மீட்டரில் சுட்டேன். ஐந்து ஓட்டைகளும் ஒரு சாணுக்கு மேல் சிதறின. கைதான் சரியில்லை என்று நினைத்தேன். மறுநாள் ஒரு குண்டு சுட்டுவிட்டு போல்ட்டை இழுத்தபோது, தோட்டாவின் அடிப்பாகம் மட்டும் வந்து விழுந்தது. மீதிப் பித்தளை, தோட்டா உட்காரும் சேம்பருக்குள்ளேயே நின்றுவிட்டது. பக்கத்தில் கம்மவான்பேட்டையைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர் இருந்தார். எழுந்து வந்து துப்பாக்கியை வாங்கியவர், கட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போல்ட் கைப்பிடியின் பின்பக்கத்தில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தார். அப்புறம் துப்பாக்கியின் உடலில் இருந்த எண்ணைப் பார்த்தார். இரண்டும் வேறு. "இது வேற துப்பாக்கியோட போல்ட்டு, தம்பி" என்றார்.

.315 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்புக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதை, அந்தந்தத் துப்பாக்கிக்கு அந்தந்தப் போல்ட்டைப் பொருத்தி அளந்து வைப்பார்கள். லீ-என்ஃபீல்டு வகையில் போல்ட்டின் தலை தனியாகத் திருகிக் கழறும், அதனால் மாற்றிப் போடுவதும் சுலபம். இடைவெளி கூடினால், சுடும்போது பித்தளை பின்பக்கமாக இழுபட்டு மெலியும். சுட்ட தோட்டாவைக் கையில் எடுத்தால், விளிம்புக்குக் கொஞ்சம் மேலே சுற்றிலும் ஒரு பளிச்சென்ற வளையம் தெரியும். அதுதான் அறிகுறி. என் முதல் நாள் தோட்டாக்கள் எல்லாவற்றிலும் அந்த வளையம் இருந்தது, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. அடுத்த கட்டத்தில் பித்தளை அறுந்து, சூடான வாயு சுடுகிறவரின் முகத்தை நோக்கி வரும். என் கண் தப்பியது அதிர்ஷ்டம்.

பேரல் கதை வேறு. பழைய தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகி, பேரலுக்குள் உப்பாகப் படியும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். ராணுவத்து .303 ரைபிள் வைத்திருந்த சிப்பாய்கள் கொதிநீர் ஊற்றிப் பேரலைக் கழுவியது அதற்காகத்தான். வீட்டில் வைத்திருந்தவர்களில் பலர் எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்து, பீரோவில் வைத்துவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உள்ளே அரித்துக் குழி விழுந்தது. அந்தக் குழிகளை எண்ணெய் நிரப்பி மூடிவிடும். கடையில் நான் பார்த்த பளபளப்பு அந்த எண்ணெய்தான்.

அதனால் வாங்குவதற்கு முன் கடையிலேயே இதைச் செய்யுங்கள். துப்பாக்கி காலியா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். காய்ந்த வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி, பின்பக்கத்திலிருந்து விட்டு, துணி சுத்தமாக வரும்வரை துடையுங்கள். கம்பி போகும்போது கையில் கவனம் இருக்கட்டும். நல்ல பேரலில் துணி ஒரே சீராக நகரும். அரித்த இடத்தில் சொரசொரவென்று பிடிக்கும். அப்புறம், போல்ட் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை மடித்து வைத்து, அதில் வெளிச்சம் படும்படி பிடித்து, முன்வாயிலிருந்து பாருங்கள். குண்டைச் சுழற்றிவிடும் சுருள் பள்ளங்களின் ஓரம் கத்தியால் கீறினாற்போலக் கூர்மையாகத் தெரிய வேண்டும். மிளகுத்தூள் தூவியதுபோலக் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால், அவை துடைத்துப் போகிற அழுக்கில்லை. முன்வாயின் விளிம்பையும் பாருங்கள். முன்பக்கத்திலிருந்தே கம்பி விட்டுத் துடைத்துப் பழகியவர் கையில் இருந்த துப்பாக்கியில் அந்த வட்டம் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அதுதான்.

இத்தனைக்கும் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நான் மர ரேகை பார்ப்பதில் செலவழித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

பேரலை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று குடியாத்தத்துத் தம்பி கேட்டார். பம்பு செட்டுக்குப் பாகம் மாற்றுவதுபோல அது நடக்காது. துப்பாக்கியின் பாகங்களுக்கும் துப்பாக்கிக்குள்ள அதே சட்டம்தான். தனியாக வாங்கிவர முடியாது, தெரிந்த பட்டறையில் கொடுத்துக் கடையவும் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம், முன்பு மூன்று. கெட்டுப்போன ரைபிள் அந்த இரண்டில் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். என்னுடையது நாலு வருடம் பீரோவில் கிடந்தது. கடைசியில் லைசென்ஸ் உள்ள வேறொரு டீலரிடம் குறையைச் சொல்லியே கால் விலைக்குக் கொடுத்தேன்.

தோட்டாவை விசாரிக்காமல் வாங்குவது

ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட் வைத்திருந்த .275 ரிக்பி மாதிரி ஒன்று கிடைக்குமா என்று கேட்டு ஒருவர் வந்தார். சம்பாவத் புலியைச் சுட்டதற்காக 1907-இல் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த, ஜெர்மானிய மௌசர் வகை ரைபிள் அது. அருமையான துப்பாக்கிதான். ஆனால் வேலூரில் இருந்துகொண்டு அதற்குத் தோட்டா எங்கே தேடுவது? பழைய ஜமீன் வீடுகளில் இப்படி நல்ல நல்ல ரைபிள்கள் தோட்டா இல்லாமலே கிடக்கின்றன.

.315 நம் நாட்டில் இவ்வளவு பரவியதற்கும் தோட்டாதான் காரணம். ராணுவம் பயன்படுத்திய .303 பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்து வைத்தான். பழைய ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டா .315 என்ற பெயரில் அந்த இடத்துக்கு வந்தது. .303 இன்றும் தடை செய்யப்பட்ட ரகம்தான். 30-06 என்கிற அமெரிக்கத் தோட்டா ரைபிள் வேண்டும் என்பவர்கள் .315-ஐவிட அது ஒசத்தி என்கிறார்கள். இருக்கலாம். லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கையில், கட்டுப்படியாகிற விலையில், வருடா வருடம் தோட்டா கிடைக்குமா என்று கடையில் முதலில் கேளுங்கள். துப்பாக்கியை அப்புறம் பார்க்கலாம். வருடத்துக்குப் பத்து குண்டுகூடச் சுட முடியாத ரைபிளில் யாருக்கும் கை பழகாது.

சுடப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் .22 போதும். ரைபிள் கிளப் உறுப்பினர் குறிபார்த்துச் சுடுவதற்குக் கேட்கும் .22-ஐ ஆயுதச் சட்டமே தனியாகக் குறிப்பிடுகிறது.

ரைபிள்தான் வேண்டுமா என்று யோசிக்காதது

சின்ன .22 குண்டே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகும். .315 அதையும் தாண்டும். பாலாற்றங்கரையில் ஒரு ஊர் முடியும் முன்னே அடுத்த ஊர் வந்துவிடுகிறது. பின்னால் மலையோ மண்மேடோ இல்லாத இடத்தில் ரைபிளைத் தூக்கவே கூடாது. காவலுக்கு என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரவைகளைச் சிதறிச் சுடும் 12 போர் துப்பாக்கியே சரி என்பது என் அபிப்பிராயம்.

வேட்டைக்கு என்று வாங்குவது

கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்தது. பேர்ணாம்பட்டிலும் ஜவ்வாது மலையடியிலும் காட்டுப்பன்றி கொல்லையை உழுதுவிட்டுப் போகிற வேதனை எனக்கும் தெரியும், என் கழனியிலும் நடந்திருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அரசு சொன்னது வனத்துறையினருக்குத்தான். உங்கள் லைசென்ஸுக்கு அது பொருந்தாது.

போல்ட் இறுக்கமாக இருக்கிறது என்று அரத்தைத் தேடுவது

லீ-என்ஃபீல்டு வகையில் போல்ட்டைத் தள்ளி மூடும்போது சுடும் ஊசியின் ஸ்பிரிங் இறுகி ஏறும், அதனால் கடைசியில் கை கொஞ்சம் அழுத்த வேண்டும். மௌசர் வகையில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஏறிவிடும். இரண்டும் பழுதில்லை, அமைப்பே அப்படி. அரத்தைக் கீழே வையுங்கள்.

கட்டையின் நீளம்

சட்டை மாதிரிதான், அடுத்தவர் அளவு உங்களுக்குப் பொருந்தாது. கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துக் கண்ணைத் திறங்கள். குறி நேராகத் தெரிய வேண்டும்.

ஸ்கோப்

குறிபார்க்க மேலே மாட்டும் தொலைநோக்கி முதல் வருடம் வேண்டாம்.

தோல் உறை

ஆம்பூரும் வாணியம்பாடியும் மேல்விஷாரமும் பக்கத்தில் இருக்கும்போது, நல்ல தோலில் ஒரு உறை தைத்துக்கொள்ளும் ஆசை யாருக்கும் வரும். நானும் தைத்தேன். எடுத்துக்கொண்டு போக அது நல்லது, வைத்திருக்க உதவாது. பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் தங்கியிருக்கும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரலில் ரத்தாகி, ஆகஸ்ட் 5-ஆம் தேதி நடந்தது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் அல்லவா, அந்த வருடம் இரண்டு முறை ஒப்படைத்தேன், இரண்டு முறையும் அந்த உறையோடு. திரும்ப வாங்கி வந்து உறையை நீக்கியபோது, பேரலின் ஒரு பக்கம் நெடுக, உறையின் தையல் ஓடிய இடத்திலெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு பிடித்திருந்தது. நூல் பட்ட இடைவெளிகூட அப்படியே பதிந்திருந்தது. அதைத் தேய்த்து எடுக்க ஒரு வாரம் ஆனது, தடம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இப்போது ஒப்படைக்கும்போது எண்ணெய் ஒற்றிய பருத்தித் துணியைச் சுற்றித்தான் கொடுக்கிறேன். வீட்டில் உறையே கிடையாது, பூட்டிய இரும்பு அலமாரியில் வாய் கீழாகச் சாய்த்து வைக்கிறேன். கட்டைக்குள் எண்ணெய் இறங்காமலும் இருக்கும்.