குளிர் விடாத வசந்தத்தில் பந்தயப் புறா: எப்போது ஜோடி போடுவது, எப்போது பந்தயத்துக்கு அனுப்புவது

பிரிட்டனில் ஹோமர், அதாவது தூரத்தில் திறந்துவிட்டால் தன் கூண்டுக்கே பறந்து திரும்பும் பந்தயப் புறா, வளர்ப்பவர்கள் பலருக்கு பிப்ரவரி 14 என்றால் ஜோடி போடும் நாள். வழிவழியாக வரும் கணக்கு இது. அன்றைக்கு ஆணையும் பெட்டையையும் சேர்த்தால் எட்டுப் பத்து நாளில், அதாவது 23ஆம் தேதி வாக்கில், முதல் முட்டை. ஏறக்குறைய 44 மணி நேரம் கழித்து இரண்டாவது. அங்கிருந்து 17, 18 நாள் எண்ணினால் மார்ச் 14 வாக்கில் குஞ்சு பொரிக்கும், நாலு வாரத்துக்குள் குஞ்சு தானாகத் தின்னப் பழகிவிடும், ஏப்ரல் நடுவில் பெற்றவைக்கு முதல் பந்தயம். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை 2018இன் மேல் வைத்துப் பாருங்கள். சைபீரியப் பக்கமிருந்து வந்த அந்தக் கடுங்குளிர் பிப்ரவரி கடைசி வாரத்தில் தொடங்கி மார்ச் முதல் நாட்கள்வரை அடித்தது, அதாவது சரியாக முட்டை விழும் நேரம். அது போனது என்று மூச்சு விடுவதற்குள் மார்ச் 17, 18இல் இன்னொரு சின்னச் சுற்று. அப்போது குஞ்சுக்கு வயது மூன்று, நாலு நாள். 2013இல் மார்ச் மாதம் முழுவதுமே குளிர், 1962க்குப் பிறகு அங்கே அப்படியொரு மார்ச் வந்ததில்லை. 2021இல் ஏப்ரலில் உறைபனி, அறுபது ஆண்டுகளில் அதிகம். அது பயிற்சிக்கும் முதல் பந்தயங்களுக்கும் குறுக்கே வந்தது. ஆக, ‘குளிரா, இல்லையா’ என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தக் கட்டத்தில் வந்து இடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் வேலை, நீங்கள் உண்மையில் எந்தப் பந்தயத்துக்காக வளர்க்கிறீர்கள் என்று முடிவு செய்வது. பிரான்சிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க் கடலைத் தாண்டி வரும் ஜூன், ஜூலை நெடுந்தூரப் பந்தயம்தான் குறி என்றால் ஜோடி போடுவதை மார்ச் முதல் வாரத்துக்குத் தள்ளுவதில் ஒரு நஷ்டமும் இல்லை. இறகு உதிர்வதும் கொஞ்சம் தள்ளிப்போகும், அது லாபம்தான். ஏப்ரல் மாதக் குறுந்தூரப் பந்தயங்களில் ஜெயிக்க வேண்டும் என்பவர்தான் பிப்ரவரியில் அவசரப்பட வேண்டியவர். மற்றவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் போட்டுவிட்டாரே என்று போடுகிறார்கள், அவ்வளவுதான்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. புறாவை முட்டையிடத் தூண்டுவது முக்கியமாகப் பகல் நீளமும் தீனியும்தான். கூண்டில் பல்பு போட்டுப் பகலை நீட்டினால் டிசம்பர் உறைபனியில்கூட முட்டையிடும். அதனால் “அதுவே முட்டையிட்டுவிட்டது, பருவம் சரியாகத்தான் இருக்கிறது” என்று நம்பிவிடாதீர்கள்.

சரி, முட்டை விழுந்துவிட்டது, வெளியே உறைபனி. பெட்டை முதல் முட்டையின் மேல் ஒழுங்காக உட்காராது, நின்றுகொண்டோ பாதி மூடியோ இருக்கும், இரண்டாவது விழுந்த பிறகுதான் முழு அடை. இடையில் வரும் அந்த இரவுகளில்தான் முதல் முட்டை உறைந்து கெடுகிறது. இதற்கு எளிய வழி, முதல் முட்டையை எடுத்துவிட்டு டம்மி முட்டையை (போலி முட்டையை) வையுங்கள். எடுத்ததை வீட்டுக்குள் குளிர்ச்சியான, ஆனால் உறையாத அறையில், ஒரு கிண்ணத்தில் தானியத்தின் மேல் வைத்திருந்து, இரண்டாவது விழுந்ததும் திருப்பி வைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாகப் பொரிக்கும் என்பது கூடுதல் வசதி. அடையில் சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை பத்து மணி வாக்கில்வரை பெட்டை, பகலில் ஆண். இரவில் டார்ச் அடித்துப் பெட்டையை எழுப்பிவிடாதீர்கள். இருட்டில் அது திரும்பப் போய் உட்காருமா என்பது சந்தேகம். முட்டையில் கரு கூடியிருக்கிறதா என்று பார்க்க அடைக்கு உட்கார்ந்த ஐந்தாறு நாள் கழித்து, பகலில், முட்டைக்குப் பின்னால் டார்ச் பிடித்தால் சிவப்பு நரம்பு தெரியும்.

குளிரில் இளம் பெட்டைகளுக்கு முட்டை அடைத்துக்கொள்வதும் உண்டு. உப்பிப்போய் மூலையில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தால் உடனே வெதுவெதுப்பான இருட்டுப் பெட்டியில் விட்டு, பின்துவாரத்தில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தடவுங்கள், சில மணி நேரத்தில் விழவில்லை என்றால் கால்நடை மருத்துவர்தான். ஜோடி போடுவதற்கு முன்பிருந்தே கிரிட்டும் (பொடிக்கல்) சுண்ணாம்புச் சத்தும் கொடுத்துவந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

குஞ்சு விஷயத்தில் பலர் முதல் இரண்டு மூன்று நாளைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அப்போது தாயோ தகப்பனோ மேலேயே உட்கார்ந்திருக்கும், தொண்டைப்பையில் சுரக்கும் புறாப்பாலையும் இரண்டும் சேர்ந்துதான் ஊட்டும். பயப்பட வேண்டியது ஏழிலிருந்து பத்து நாள் வரை. பெற்றவை மேலே உட்காருவதைக் குறைத்துவிடும், குஞ்சுக்கோ இறகு இன்னும் குச்சி குச்சியாகத்தான் இருக்கும். ஒற்றைக் குஞ்சாக இருந்தால் இன்னும் மோசம், அதே வயதுள்ள இன்னொரு ஒற்றைக் குஞ்சோடு ஒரே கூட்டில் சேர்த்துவிடுங்கள், ஒன்றுக்கொன்று சூடு. மண்சட்டிக்குப் பதில் காகிதக்கூழ்ச் சட்டி, அடியில் மடித்த செய்தித்தாள், மேலே நிறைய வைக்கோல். காலில் அடையாள வளையம் போடுவதும் கிட்டத்தட்ட இதே நாட்களில்தான் வரும் என்பதால், குஞ்சைக் கையில் எடுத்தால் சட்டென்று போட்டுவிட்டுத் திரும்ப வையுங்கள்.

கூண்டை மூடிமூடி வைப்பது குளிரில் எல்லாரும் செய்யும் தப்பு. புறா காய்ந்த குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது. சன்னலையெல்லாம் அடைத்தால் மூச்சுக்காற்றும் எச்சமும் சேர்ந்து உள்ளே ஈரமும் அம்மோனியா நெடியும்தான் மிஞ்சும், அப்புறம் ஒரு கண்ணில் நீர் வடிவதும் மூச்சு இழுப்பதும் வரிசையாக வரும். கூடு இருக்கும் உயரத்தில் காற்று நேராக அடிக்காமல் பலகை வையுங்கள், கூரைப் பக்கத் திறப்பை மட்டும் தொடவே வேண்டாம். தீனியில் மக்காச்சோளத்தைக் கூட்டுங்கள், குஞ்சு ஊட்டும்போது பட்டாணியையும். தண்ணீர் உறைந்துபோகும், காலை மாலை வெதுவெதுப்பாக மாற்றுங்கள். தண்ணீர் குடிக்காத புறா குஞ்சுக்கு ஊட்டாது.

இனி பந்தயம். குளிர்ந்த வசந்தத்தில் பிரிட்டன்மேல் பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்குக் காற்றுதான் வீசும். தெற்கே திறந்துவிட்டு வடக்கே வீட்டுக்குப் பறப்பவற்றுக்கு அது எதிர்க்காற்று, வடக்கிலிருந்து தெற்கே வருபவற்றுக்கு உதவிக்காற்று. அங்கே வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை கெஜம் என்று சொல்வார்கள். அமைதியான நாளில் 1,300 கெஜம் பறக்கும் புறா 60 மைல் பந்தயத்தை 81 நிமிடத்தில் முடிக்கும், எதிர்க்காற்றில் 900க்கு இறங்கினால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். 300 மைல் என்றால் ஆறே முக்கால் மணி நேரப் பயணம் ஒன்பதே முக்கால் மணி நேரமாகும். பயிற்சி பாதியில் நின்ற புறாவை இதற்கு அனுப்புவதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் என் கணக்கு இப்படி. மார்ச்சில் மூன்று வாரம் பறக்கவே விடவில்லை என்றால் முதல் இரண்டு பந்தயத்தை விட்டுவிடுங்கள். இழந்த நாட்களைப் பிடிக்கிறேன் என்று பத்து மைலிலிருந்து ஒரே தாவாக நாற்பது மைலுக்குப் போகாதீர்கள். முட்டையிடும் தறுவாயில் இருக்கும் பெட்டையையும் பெரிய குஞ்சுக்கு ஊட்டிக் களைத்த ஜோடியையும் வீட்டிலேயே வையுங்கள். பந்தயம் நடத்துபவர்கள் சனிக்கிழமை பந்தயத்தை மேகம், மழை, பார்வைத் தூரம் பார்த்து ஞாயிறுக்குத் தள்ளுவார்கள், சில சமயம் திறக்காமலே திருப்பியும் கொண்டுவருவார்கள். கடுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் புறாக்களைக் கொண்டுபோய்த் திறந்துவிடுபவரைத் திட்டாதீர்கள். கிழக்குக் கரையில் கடல்மூட்டம் இறங்கிய நாளில் திறந்துவிட்டால் என்னவாகும் என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும்.

இப்படித் தள்ளிப்போனதால் பயணப் பெட்டியில் கூடுதலாக ஓர் இரவு கழித்து வந்த புறாவுக்கு இரண்டு நாள் லேசான தீனி, ஒரு குளியல், கூண்டைச் சுற்றிக் கொஞ்சம் பறப்பு போதும். அடுத்த சனிக்கிழமையும் அனுப்புவதா என்பதைப் புதன்கிழமை கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். நெஞ்செலும்பு கையில் குத்தினால் அந்த வாரம் வேண்டாம்.